மின்பாதை ட்ரோன் ஆய்வு: கோளாறு லைனிலா, பார்க்கும் கண்ணிலா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

உயரழுத்த மின்பாதைகளை ட்ரோனில் பார்வையிடுகிறவர்களுக்காக இது. வரிசையாகப் படிக்க வேண்டாம். ஸ்பாட்டில் என்ன தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் கைக்காசு செலவில்லாமல் சரிபார்க்கக்கூடியது முதலில் வரும். பொருள் மாற்றுவதும் ஆள் கூப்பிடுவதும் கடைசியில்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடலாம். படத்தில் தெரிகிற கோளாறெல்லாம் லைனில் இருப்பதில்லை. லைனில் இருக்கிற கோளாறெல்லாம் படத்தில் விழுவதும் இல்லை. உங்கள் பேச்சை நம்பி டவர் ஏறிய லைன் ஆட்கள் "ஒன்றுமில்லையே" என்று இரண்டு முறை இறங்கி வந்தால், மூன்றாவது ரிப்போர்ட்டை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். அந்த மூன்றாவதில்தான் நிஜமான கோளாறு இருக்கும்.

## அறிகுறி: "காம்பஸ் பிழை" என்கிறது, அல்லது ஏறியதும் வட்டமடிக்கிறது

ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் சுழலில் மாட்டிய தக்கை மாதிரி வட்டம் போடுகிறது, வட்டமும் பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். தன் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதில் ட்ரோனுக்கே குழப்பம்.

### கிளம்பும் முன்பே வந்தால்

வைத்த இடத்தைப் பாருங்கள். வண்டியின் பானெட், டவர் அஸ்திவாரம், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், மூடி போட்ட சாக்கடை: எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. டவரிலிருந்து 20 மீட்டராவது தள்ளி, வெறும் மண்ணில் வைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

"காலிபரேஷன் செய்யவும்" என்று திரை கேட்டதும் நின்ற இடத்திலேயே ட்ரோனைத் தூக்கிச் சுற்றுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. டவரடியில் காலிபரேட் செய்தால் இரும்பின் இழுப்பையும் சேர்த்தே சரியான கணக்கென்று பதிந்துகொள்ளும். பிறகு திறந்த மைதானத்தில் பறந்தாலும் பிழை காட்டும், காரணமும் பிடிபடாது. லைன் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய், பாக்கெட்டில் இருக்கும் போனையும் சாவியையும் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

### லைனை நெருங்கும்போது மட்டும் வந்தால்

ஏசி லைனின் காந்தப்புலம் நொடிக்கு 50 அல்லது 60 சுற்று திசை மாறுவதால் காம்பஸின் சராசரியில் அது கரைந்துவிடும். அங்கே தொந்தரவு கொடுப்பது பெரும்பாலும் டவரின் இரும்புதான். சில மீட்டர் விலகினால் தெளிந்துவிடும்.

டிசி லைன் கதை வேறு. 2000 ஆம்பியர் ஓடும் ஒற்றை டிசி கண்டக்டரிலிருந்து (மின்சாரம் ஓடும் கம்பி) 10 மீட்டரில் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பூமியின் சொந்தக் காந்தப்புலமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாவுக்குள்தான். காம்பஸுக்கு வடக்கு இரண்டாகிவிடும். எத்தனை முறை காலிபரேட் செய்தாலும் பயனில்லை. இரட்டை ஆண்டெனா வைத்து ஆர்டிகே (திருத்தத் தகவல் பெற்று ஜிபிஎஸ் இடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக்கும் முறை) மூலம் திசை அறியும் ட்ரோன் இல்லாமல் டிசி லைன் பக்கத்தில் வேலை எடுக்காதீர்கள்.

பறக்கும்போது வட்டமடிக்கத் தொடங்கினால் ரிட்டர்ன் பட்டனைத் தொடாதீர்கள். தானாக வீடு திரும்புவதற்கும் அதே குழம்பிய காம்பஸைத்தான் ட்ரோன் நம்பும். ஜிபிஎஸ் பிடிப்பில்லாத கைமுறை நிலைக்கு மாற்றி, லைனுக்கு எதிர்ப்புறமாக இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். அந்த நிலையில் பறக்கக் கை பழகியிருக்க வேண்டும். பழகாதவர் லைன் பக்கம் ரிமோட்டைத் தொடவே கூடாது.

### சர்வீஸுக்கு எப்போது

இரும்பில்லாத மூன்று வெவ்வேறு இடங்களில் காலிபரேட் செய்தும் திரையின் திசைக்கும் கையில் பிடித்த காம்பஸுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அல்லது ட்ரோன் ஒருமுறை விழுந்த பிறகு இது தொடங்கியிருந்தால்.

## அறிகுறி: டவர் பக்கத்தில் ஆர்டிகே "ஃபிக்ஸ்" போய் "ஃப்ளோட்" ஆகிறது

ஃபிக்ஸில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிடிப்பு. ஃப்ளோட்டுக்கு வந்ததும் அது பல டெசிமீட்டராக, சில சமயம் மீட்டருக்கு மேலாகவும் தளர்ந்துவிடும். முன்பே பதிந்த பாதையில் தானாகப் பறக்கும் ட்ரோன் கண்டக்டரை நோக்கி நகர அது போதும்.

முதலில் பார்க்க வேண்டியது திருத்தத் தகவலின் வயது. சில நொடிகளுக்கு மேல் பழையதாக இருந்தால் கோளாறு வானத்தில் இல்லை, ரிமோட்டின் சிம் கார்டில். நெட்வொர்க் மாற்றுங்கள், முடியாவிட்டால் சொந்த பேஸ் ஸ்டேஷனைத் திறந்த இடத்தில் முக்காலியில் நிறுத்துங்கள். வயது சரியாக இருந்தும் ஃபிக்ஸ் விழுந்தால் டவர் பாதி வானத்தை மறைக்கிறது, அல்லது சிக்னல் இரும்பில் பட்டுத் திரும்பி வருகிறது. டவரிலிருந்து இன்னும் 5 மீட்டர் விலகி, ஜூமைக் கூட்டுங்கள்.

ஃபிக்ஸ் போனதும் பாதையை நிறுத்தி நிற்கும்படி முன்பே செட் செய்துவிடுங்கள். "எப்படியும் திரும்ப வந்துவிடும்" என்று தொடர விடுவது சோம்பேறித்தனம்.

## அறிகுறி: வீடியோ விட்டுவிட்டு வருகிறது, கண்ட்ரோல் துண்டிக்கிறது

"உயரழுத்தம் சிக்னலை அடைத்துவிடுகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். கொரோனாவின் (உயரழுத்தக் கம்பியைச் சுற்றிக் காற்றில் ஏற்படும் மின்கசிவு) ரேடியோ இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசைகளில்தான் இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை வந்து அடைப்பது அரிது. பொதுவான காரணங்கள் சாதாரணமானவை:

1. ரிமோட் ஆண்டெனாவின் நுனி ட்ரோனைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில்தான் சிக்னல் மிகக் குறைவு. தட்டையான பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும்.
2. உங்களுக்கும் ட்ரோனுக்கும் நடுவே டவர் வந்துவிட்டது. பைலட் இடம் மாறி நிற்க வேண்டும், ட்ரோன் இருக்கும் அதே பக்கத்தில்.
3. 2.4-இல் நெரிசல். 5.8-க்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் மரங்கள் நடுவே இருந்தால் 5.8 சீக்கிரம் விழுந்துவிடும்.

இவை மூன்றும் இல்லையென்றால் ஆண்டெனா கேபிள் கழன்றிருக்கலாம். 300 மீட்டர் திறந்தவெளியில் சோதியுங்கள். அங்கேயும் சிக்னல் கோடு குறைந்தால் சர்வீஸ்.

### துண்டித்தால் ட்ரோன் என்ன செய்யும்?

விபத்து நடப்பது துண்டித்த பிறகு வரும் அடுத்த பத்து நொடியில். வழக்கமான அமைப்பில் ட்ரோன் நின்ற இடத்திலிருந்து நேரே மேலே ஏறி, திரும்பும் உயரத்தை அடைந்து, நேர்கோட்டில் வீட்டுக்கு வரும். கண்டக்டருக்குக் கீழே நின்று இன்சுலேட்டரைப் படமெடுத்துக்கொண்டிருந்தால் "நேரே மேலே" என்பது எங்கே போய் முட்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கண்டக்டருக்குக் கீழேயோ இரண்டு சர்க்யூட்டுக்கு நடுவிலோ வேலை என்றால் துண்டிப்புக்கான செயல் "அங்கேயே நில்" என்று இருக்க வேண்டும். மேலே பறக்கும் வேலைக்குத்தான் "திரும்பு".

திரும்பும் உயரம் கிளம்பிய தரையிலிருந்து கணக்கு. ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அன்று. நீங்கள் பள்ளத்தில் நிற்கிறீர்கள், டவர் 40 மீட்டர் உயரமான மேட்டில், டவரே 45 மீட்டர் என்றால் டவர் உச்சியில் ஓடும் எர்த் ஒயர் உங்களுக்கு மேலே 85 மீட்டரில் இருக்கிறது. 20 மீட்டர் இடைவெளி சேர்த்தால் 105. பழைய ஸ்பாட்டில் வைத்த 80 மீட்டரை மாற்ற மறந்தால் அது எர்த் ஒயருக்குக் கீழே வந்துவிடும்.

"அங்கேயே நில்" என்று வைத்தாலும் பேட்டரி அடிமட்டத்தைத் தொட்டால் ட்ரோன் கட்டாயமாகக் கீழே இறங்கும், கீழே கண்டக்டர் இருந்தாலும். ஆகவே லைன் பக்கத்தில் 40 சதவீதம் காட்டும்போதே கிளம்பி வந்துவிடுங்கள்.

## அறிகுறி: காரணமில்லாமல் பிரேக் போடுகிறது, அல்லது கம்பி எதிரே இருந்தும் போடவில்லை

காரணமில்லாமல் நின்றால் சென்சார் கண்ணாடியில் தூசி, எதிர்வெயில், ப்ரொப்பெல்லர் கார்டின் விளிம்பு என்ற வரிசையில் பாருங்கள். மைக்ரோஃபைபர் துணியில் துடைத்தாலே பாதி வேலை முடியும்.

போட வேண்டிய இடத்தில் போடாததற்கு மருந்து இல்லை. கேமரா வழியே தடை பார்க்கும் சென்சாருக்கு மெல்லிய கம்பி தெரியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டக்டரைவிட மெல்லியது, எல்லாவற்றுக்கும் மேலே ஓடுவது, வெளிறிய வானத்தில் கரைந்துபோவது எர்த் ஒயர். அதனால்தான் ட்ரோன்கள் அதில் மாட்டுகின்றன. லைனைத் தாண்ட வேண்டுமானால் டவர் உச்சிக்கு மேலாகத் தாண்டுங்கள். அங்கே எர்த் ஒயரின் உயரம் கண்ணுக்குத் தெரியும். ஸ்பான் (இரு டவருக்கு இடைப்பட்ட பகுதி) நடுவில் தெரியாது.

## அறிகுறி: படம் மங்கல், ஸ்பிளிட் பின் (தொடுப்பு கழலாமல் பூட்டும் சிறு பின்) தெரியவில்லை

படத்தை 100 சதவீதம் பெரிதாக்கி, மங்கலின் தன்மையைப் பாருங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

### கம்பி மங்கல், பின்னாலிருக்கும் மரம் தெளிவு

ஃபோகஸ் பின்னணிக்கு ஓடிவிட்டது. தானியங்கி ஃபோகஸுக்கு மெல்லிய கண்டக்டரைவிட அடர்ந்த மரம்தான் பிடிக்கும். ஃபோகஸ் புள்ளியைச் சிறிதாக்கி இன்சுலேட்டரின் தட்டின் மேல் வையுங்கள். பிடித்ததும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். அதே தூரத்தில் மற்ற ஃபேஸ்களை (மூன்று மின்கம்பிகளில் மற்ற இரண்டை) எடுக்கலாம்.

### எல்லாமே ஒரே திசையில் இழுத்த மாதிரி

ஷட்டர் போதவில்லை. நொடிக்கு 1 மீட்டர் நகரும் ட்ரோனில் 1/250-இல் எடுத்தால் படம் 4 மி.மீ. இழுபடும்; பின்னின் தடிமனே அவ்வளவுதான். 1/1000-இல் 1 மி.மீ. 1/1000-ஐவிட மெதுவான ஷட்டருக்குப் போகாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ-வைக் கூட்டுங்கள். புள்ளி தட்டிய படத்தில் பின் தெரியும், இழுபட்ட படத்தில் தெரியாது.

### நேர்க்கம்பி அலை அலையாக வளைந்திருக்கிறது

ப்ரொப்பெல்லரின் அதிர்வு. விளிம்பில் நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு வெட்டுப் பட்டாலும் மாற்றுங்கள், ஜோடியாக. அப்புறமும் இருந்தால் கேமராவை ஆடாமல் தாங்கும் ஜிம்பலின் ரப்பர் டேம்பர் கிழிந்திருக்கும்.

### ஒரு மூலை மட்டும் எப்போதும் மங்கல்

முதலில் லென்ஸில் விரல்ரேகை, ஏசி வண்டியிலிருந்து வெளியே எடுத்ததும் படியும் ஈரம் ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்து 15 நிமிடம் கழித்தும் அதே மூலை என்றால் லென்ஸ் விலகியிருக்கிறது. கையால் சரிசெய்ய முடியாது, சர்வீஸ்.

### தெளிவாக இருக்கிறது, ஆனாலும் பின் தெரியவில்லை

அப்படியானால் தூரமும் கோணமும்தான். 4.5 கோடி பிக்சல் முழு ஃப்ரேம் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 4.4 மைக்ரான். 35 மி.மீ. லென்ஸில் 10 மீட்டர் தள்ளி நின்றால் படத்தின் ஒரு பிக்சல் நிஜத்தில் 1.25 மி.மீ. 4 மி.மீ. பின்னுக்கு மூன்று பிக்சல் கிடைக்கிறது. பின் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லலாம். அதன் கால்கள் விரித்து மடக்கப்பட்டிருக்கின்றனவா என்று சொல்ல 0.5 மி.மீ. வேண்டும், அதற்கு அதே தூரத்தில் 85 மி.மீ. லென்ஸ். நெருங்கிப் போவது தீர்வாகாது. லைன் நிர்வாகம் எழுதிக் கொடுத்த இடைவெளியே கடைசி எல்லை.

பின்னின் வளையம் ஒரு பக்கம், கால்கள் மறுபக்கம். ஒரு பக்கப் படத்தை மட்டும் வைத்து "பின் இல்லை" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு தொடுப்புக்கும் இரு பக்கமும், சற்றுக் கீழிருந்தும் படம் வேண்டும். இன்னொரு ஏமாற்று: சஸ்பென்ஷன் கிளாம்பில் கண்டக்டரைச் சுற்றியிருக்கும் ஆர்மர் ராடின் நுனிகள் லேசாக விரிந்திருந்தால் இழை அறுந்த மாதிரியே தெரியும். நுனிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் முடிந்தால் அது ராடு. வெவ்வேறு இடத்தில், ஒன்றிரண்டு மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அறுந்த இழை.

வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் எல்லாம் கருப்பு நிழலாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அல்லது சற்று மேலேறி நிலத்தைப் பின்னணியாக்குங்கள்.

## அறிகுறி: தெர்மல் படத்தில் ஒரு புள்ளி சூடாகத் தெரிகிறது

வீண் அலைச்சலும் தவறவிட்ட ஆபத்தும் அதிகம் வருவது இங்கேதான். அவசரப்பட்டு ரிப்போர்ட் எழுதாதீர்கள், வரிசையாகப் போங்கள்.

### அது வெயிலின் பிரதிபலிப்பா

இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நகருங்கள். புள்ளி நகர்ந்தாலோ மறைந்தாலோ பளபளப்பான உலோகத்தில் பட்ட வெயில். எந்தக் கோணத்திலிருந்தும் அதே இடத்தில் நின்றால் மேலே படியுங்கள். சந்தேகமிருந்தால் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, அல்லது விடியும் முன் மறுபடி பாருங்கள்.

### கேமரா தயாரா

ஆன் செய்த முதல் 10–15 நிமிடத்தின் எண்களை நம்பாதீர்கள். அவ்வப்போது ஒரு "டிக்" சத்தத்தோடு படம் உறைந்து மறுபடி ஓடும். அது கேமரா தன்னைச் சரிசெய்துகொள்வது, கோளாறில்லை. எண் எடுக்கும் முன் அதைக் கையால் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

### தூரம் சரியா

640×512 பிக்சல், 12 மைக்ரான், 13.5 மி.மீ. லென்ஸ் கொண்ட தெர்மல் கேமராவில் 10 மீட்டரில் ஒரு பிக்சல் சுமார் 9 மி.மீ. நம்பும்படியான வெப்பநிலைக்குப் பொருள் குறைந்தது 3×3 பிக்சலை நிரப்ப வேண்டும்: 27 மி.மீ. எனவே 28 மி.மீ. கண்டக்டருக்கு 10 மீட்டர்தான் எல்லை. 20 மீட்டரில் 53 மி.மீ. ஆகிவிடும், கம்பியின் சூடும் பின்னால் உள்ள வானத்தின் குளிரும் ஒரே பிக்சலில் கலந்து, 80 டிகிரியில் கொதிக்கும் ஜாயிண்ட் நாற்பதாகத் தெரியும். "சூடு இல்லை" என்று நீங்கள் கடந்துபோன டவர்களில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும்.

### எமிசிவிட்டி

ஒரு பரப்பு வெப்பத்தை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்பதற்கான எண் இது, 0 முதல் 1 வரை. புதுக் கண்டக்டர் 0.2–0.3. வருடக்கணக்கில் கறுத்துப்போனது 0.5-இலிருந்து 0.9 வரை. கேமரா 0.95-இல் இருந்தால் பளபளக்கும் புதுக் கிளாம்பின் சூட்டைப் பாதியாகக் காட்டும். சரியான எண் தெரியாத இடத்தில் டிகிரியைப் பற்றிப் பேசுவதே வீண். அதே டவரின் மூன்று ஃபேஸிலும் அதே உறுப்பை, அதே தூரம், அதே கோணத்தில் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

### லோடும் காற்றும்

கண்ட்ரோல் ரூமிடம் அந்த நிமிடத்தின் ஆம்பியரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சூடு ஏறக்குறைய கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பாதி லோடில் 8 டிகிரி வித்தியாசம் என்றால் முழு லோடில் 30-ஐ நெருங்கலாம். லோடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் "கோளாறில்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள். "லோடு குறைவு, மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினாலும் அதேதான், சூட்டை அது வாரிக்கொண்டு போய்விடும்.

### எல்லாம் சரி, இன்னும் சூடு

அப்படியானால் லைன்தான். எந்த உறுப்பு என்று பாருங்கள்.

ஜம்பர் போல்ட், பேரலல் குரூவ் கிளாம்ப் போன்ற போல்ட் போட்ட இணைப்பு என்றால் போல்ட் தளர்ச்சி அல்லது ஆக்ஸைடு. ஷட்டவுனில் திறந்து பிரஷ் போட்டு, கிரீஸ் தடவி, சரியான டார்க்கில் இறுக்கினால் முடியும். இருப்பதில் மலிவான வேலை.

நடு ஸ்பான் ஜாயிண்ட், டெட் எண்ட் கிளாம்ப் போன்ற அழுத்திப் பொருத்திய இணைப்பு என்றால் விஷயம் கனம். நல்ல ஜாயிண்டில் உலோகமும் பரப்பும் அதிகம், ஆகவே அது பக்கத்துக் கண்டக்டரைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். ஜாயிண்டும் கண்டக்டரும் ஒரே சூடு என்றாலே சந்தேகம். கண்டக்டரைவிட அதிகம் என்றால் உள்ளே கெட்டுவிட்டது. இதை இறுக்க முடியாது. வெட்டி மாற்ற வேண்டும், அல்லது மேலே ஷன்ட் (கரண்டுக்கு மாற்றுப்பாதை) போட வேண்டும்.

ஒரே லோடில் இருக்கும் ஒத்த உறுப்புகளுக்கிடையே 1–3 டிகிரி என்றால் விசாரிக்க வேண்டும், 4–15 என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், 15-க்கு மேல் உடனே சரிசெய்ய வேண்டும் என்பது நெட்டா (மின்சாதனச் சோதனைக்கான சர்வதேசச் சங்கம்) பராமரிப்புத் தரத்தின் அளவு. லைன் நிர்வாகத்துக்குச் சொந்த அட்டவணை இருந்தால் அதுவே செல்லும். 15-ஐத் தாண்டியதை மாலை ரிப்போர்ட்டில் சேர்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். டவர் அடியிலிருந்தே போன் செய்யுங்கள்.

### சூடு இன்சுலேட்டரில் தெரிந்தால்

பாலிமர் இன்சுலேட்டரில் கண்டக்டர் பக்க முனையில் ஒன்றிரண்டு டிகிரி ஏறியிருந்தாலே கவனம் வேண்டும். உள்ளே ஈரம் இறங்கி, தண்டு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். கண்டக்டரின் சூடு முனை வழியே ஏறியிருக்கிறதா என்று மற்ற ஃபேஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு லைன் ஆட்களுக்குச் சொல்லுங்கள். தண்டு முறிந்தால் கண்டக்டர் கீழே.

பீங்கான் சரத்தில் இது தலைகீழாகவும் வரும். முழுதும் செத்த தட்டு அக்கம்பக்கத்துத் தட்டுகளைவிடக் குளிர்ந்து தெரியும், ஒரு டிகிரிக்கும் குறைவான வித்தியாசத்தில். பகலில் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள்.

## அறிகுறி: பனிக்காலையில் லைன் ட்ரிப் ஆகிறது, பகலில் பறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை

முதலில் எங்கே பார்க்கிறீர்கள்? ரிலே (லைனில் கோளாறு வந்ததும் துண்டிக்கச் செய்யும் கருவி) காட்டிய தூரம் அச்சுப் பிசகாதது என்று நினைத்து ஒரே டவரைச் சுற்றாதீர்கள். 100 கி.மீ. லைனில் 1 சதவீதம் பிழை இருந்தாலே 1 கி.மீ.; 330 மீட்டர் ஸ்பானில் இருபுறமும் மூன்று டவர். அவை அனைத்தையும் பாருங்கள்.

அடுத்து எதைத் தேடுகிறீர்கள்? ஃப்ளாஷ்ஓவரின் (இன்சுலேட்டரைத் தாண்டி மின்சாரம் பாய்வது) தடம் சிறியது: தட்டின் மேல் பளபளப்புப் போன ஒரு வெளுத்த திட்டு, இன்சுலேட்டரின் முனையில் கொம்பு போல் நீளும் ஆர்க்கிங் ஹார்ன் நுனியில் உருகி உருண்ட ஒரு மணி, கண்டக்டரில் புதிதாய் மின்னும் ஒரு குழி. மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் இருக்கும். ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடுங்கள். கண்ணாடித் தட்டு என்றால் வேலை சுலபம். உடைந்தது முழுதும் கொட்டி, நடுவில் மொட்டைக் குமிழ் மட்டும் நிற்கும்.

தடமும் இல்லையா? நேரம்தான் தவறு. அழுக்கு ஏறிய இன்சுலேட்டர் காய்ந்திருக்கும்போது சாதுவாக இருக்கும். உப்பும் தூசியும் பனியில் நனைந்ததும்தான் கசியும். கொரோனா கேமரா இருந்தால் பனி படிந்த காலையிலேயே பறந்து பாருங்கள். அது 240–280 நானோமீட்டரில் பார்ப்பதால் வெயில் குறுக்கிடாது. திரை முழுக்கப் புள்ளி சிதறினால் கெயின் (கேமராவின் உணர்திறன்) அதிகம், குறைத்துக்கொண்டே வாருங்கள். இரைச்சல் தாவித் தாவி மறையும், நிஜக் கொரோனா ஒரே இடத்தில் கொப்பளிக்கும். புள்ளி எண்ணிக்கை தூரம், கெயின், ஈரம் மூன்றையும் பொறுத்து மாறுவதால் மூன்றையும் எழுதாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

கசிவு உறுதியானால் கழுவுவதா, மாற்றுவதா, பூச்சுப் போடுவதா என்பது லைன் நிர்வாகத்தின் முடிவு. சரத்துக்கு நேர் மேலே டவர் கையில் பறவை எச்சம் வழிந்திருந்தால் அதையும் படத்தில் சேருங்கள். சில லைன்களில் முழுக் காரணமும் அதுதான்.

## அறிகுறி: லைடாரில் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) ஒரு கம்பி இரண்டாகத் தெரிகிறது, அல்லது காணவில்லை

இரண்டாகத் தெரிந்தால் டவர் காலைப் பாருங்கள். டவரும் இரண்டாக இருந்தால் கோளாறு உங்களிடம். சாய்வுக் கோணத்தில் 0.1 டிகிரி பிசகினால் 50 மீட்டரில் 9 சென்டிமீட்டர் விலகும்; எதிரெதிர் திசையில் பறந்த இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே 17. பறக்கும் முன்னும் பின்னும் எட்டு வடிவச் சுற்று போட்டீர்களா, பேஸ் பதிவு முழுதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் சரியாகாவிட்டால் சென்சார் காலிபரேஷனுக்குப் போக வேண்டும். டவர் ஒற்றையாக இருந்து கம்பி மட்டும் இரண்டு என்றால் காற்றில் ஆடியிருக்கிறது, அல்லது ஓட்டங்களுக்கு நடுவே லோடு மாறித் தொய்வு மாறியிருக்கிறது. அதைச் "சரிசெய்து" ஒன்றாக்கிவிடாதீர்கள், அது உண்மை.

காணவில்லை என்றால் பெரும்பாலும் எர்த் ஒயர். உயரத்தைக் குறையுங்கள், வேகத்தை நொடிக்கு 5 மீட்டருக்கு இறக்குங்கள்.

மரத்துக்கும் கம்பிக்கும் இடைவெளி அளந்தால் காற்றின் வெப்பநிலை, வேகம், லோடு மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 300 மீட்டர் ஸ்பானில் 8 மீட்டர் தொய்வுள்ள கண்டக்டர் 30 டிகிரி சூடேறினால் தொய்வு ஒரு மீட்டரை நெருங்கிக் கூடும். குளிர்ந்த காலையில் அளந்த இடைவெளி மதியத்தில் இருக்காது.

## அறிகுறி: படம் வேறு டவரின் பெயரில் போய் உட்கார்ந்துகொள்கிறது

படத்தில் பதியும் இடம் ட்ரோனின் இடம், டவரின் இடம் அன்று. ஜூம் போட்டுத் தூரத்திலிருந்து எடுத்தால் மென்பொருள் பக்கத்து டவரில் சேர்த்துவிடும், இரட்டை லைன் என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு டவரிலும் முதல் படம் நம்பர் பிளேட். இடது, வலது என்பதை எண் ஏறும் திசையைப் பார்த்து நின்று சொல்லுங்கள். ட்ரோன், தெர்மல் கேமரா, பேஸ் மூன்றின் கடிகாரமும் காலையில் ஒரே நேரம் காட்ட வேண்டும்.

## அறிகுறி: ட்ரோன் லைனில் மாட்டிக்கொண்டது, அல்லது லைனில் பட்டு விழுந்தது

இங்கே "முதலில் இதைச் செய்து பாருங்கள்" என்று எதுவும் இல்லை. நேரே போன்தான்.

மோட்டாரை நிறுத்துங்கள். கண்ட்ரோல் ரூமுக்கு லைன் பெயர், இரு டவர் எண்கள், எந்த ஃபேஸ், எர்த் ஒயரா கண்டக்டரா என்று சொல்லுங்கள். கம்பு, கயிறு, இன்னொரு ட்ரோன் என்று எதைக் கொண்டும் எடுக்க முயலாதீர்கள். "சின்ன ட்ரோன்தானே" என்று மூங்கிலோடு வருகிறவரையும் தடுத்து நிறுத்துங்கள். மேலே தொங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து விழலாம். ஸ்பானுக்கு அடியில் காய்ந்த புல் இருந்தால் அதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்.

கம்பி அறுந்து தரையில் கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் விலகி, மற்றவர்களையும் நிறுத்துங்கள். கம்பி அசையாமல், பொறியில்லாமல் கிடப்பதால் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்ரிப் ஆன லைனைத் தானாகத் திரும்ப இணைக்கும் ஆட்டோ ரிக்ளோஸில் மறுபடி உயிர் வரலாம். ஏற்கெனவே அந்த 10 மீட்டருக்குள் நிற்கிறீர்கள் என்றால் எட்டு வைத்து ஓடாதீர்கள். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல், சிறிது சிறிதாகத் தேய்த்து நகர்ந்து வெளியே வாருங்கள். லைன் ஆட்கள் வந்து எர்த் போட்டு, "எடுக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் ட்ரோனின் மெமரி கார்டைப் பற்றிக் கேட்க வேண்டும்.